யார் தலையில் விழும் இழப்பு: அமெரிக்க மாநிலங்களில் கட்டட ஒப்பந்ததாரர் காப்பீட்டின் வரலாறு

அமெரிக்காவில் ஒரு கடைத்தொகுதிக்குக் கூரை மாற்றவோ, அலுவலகக் கட்டடத்தில் சுவர் எழுப்பவோ வரும் ஒப்பந்ததாரர் வேலையைத் தொடங்கும் முன் பெரும்பாலும் மூன்று தாள்களைக் காட்ட வேண்டியிருக்கிறது. முதலாவது, தம்மிடம் வேலை செய்பவருக்கு அடிபட்டால் மருத்துவச் செலவும் கூலியில் ஒரு பகுதியும் தரும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. இரண்டாவது, தம் வேலையால் வெளியாருக்கோ அவர்கள் சொத்துக்கோ சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு. மூன்றாவது, ஒப்புக்கொண்டதைச் செய்யாமலோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலோ போனால் பணம் தரும் பிணைப் பத்திரம்.

இந்த மூன்றும் ஒரே சட்டத்தில் பிறந்தவை அல்ல. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு துயரங்களுக்குப் பின் எழுதப்பட்டவை. ஆனால் மூன்றுக்கும் அடியில் உள்ள கேள்வி ஒன்றுதான்: கட்டட வேலையில் வரும் இழப்பை யார் சுமப்பது? அந்தச் சுமை அடிபட்டவரின் குடும்பத்திலிருந்து முதலாளிக்கும், முதலாளியிடமிருந்து கட்டடத்தின் விலைக்குள்ளும் நகர்ந்த கதையே இந்தக் காப்பீட்டு விதிகளின் வரலாறு.

மாநிலங்களின் கையில் காப்பீடு

அமெரிக்காவில் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது நடுவண் அரசு அல்ல, மாநிலங்கள். 1851இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் காப்பீட்டைக் கண்காணிக்க ஆணையர்களை நியமித்தது. மாசச்சூசெட்ஸும் நியூயார்க்கும் அடுத்த சில ஆண்டுகளில் தொடர்ந்தன. 1869இல் பால் எதிர் வர்ஜீனியா வழக்கில், காப்பீட்டுப் பாலிசி விற்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் நடுவண் அரசு அந்தத் துறைக்கு வெளியே நின்றது.

எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1944இல், அதே நீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டது. உடனே 1945இல் நாடாளுமன்றம் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தை இயற்றி, காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் ஒப்பந்ததாரர் உரிமமும் ஏற்கெனவே மாநிலச் சட்டங்களாகவே வளர்ந்திருந்தன. ஒரே ஒப்பந்ததாரர் ஆறு ஒன்றைக் கடந்து அடுத்த மாநிலத்தில் வேலை எடுத்தால் வேறு தொகை, வேறு பத்திரம், வேறு தண்டனை என்றிருப்பதற்கு இதுவே காரணம்.

அடிபட்டவரே சுமந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேலையில் கையோ காலோ போனவருக்கு நீதிமன்றத்தை விட்டால் வேறு வழி இல்லை. அங்கும் மூன்று தடைகள் காத்திருந்தன. உடன் வேலை செய்பவரின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்பது முதல் தடை. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தவர் அதை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார் என்பது இரண்டாவது. அடிபட்டவரிடமும் சிறிது கவனக்குறைவு இருந்தால் வழக்கே நில்லாது என்பது மூன்றாவது.

முதல் தடைக்கு அமெரிக்காவில் வலுவூட்டியது 1842இல் மாசச்சூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அளித்த ஃபார்வெல் தீர்ப்பு. ரயில் தடம்மாற்றும் ஊழியரின் தவறால் வண்டி தடம்புரண்டு, எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் கையை இழந்தார். ஆபத்தான வேலைக்குக் கூலி கூடுதலாகவே தரப்படுகிறது, அந்தக் கூலியிலேயே ஆபத்துக்கான ஈடும் அடங்கிவிட்டது என்று நீதிபதி கருதினார். இங்கிலாந்தில் 1837இல் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கு ஏற்கெனவே இதே திசையில் போயிருந்தது.

கட்டட வேலையில் இந்தத் தடை மிகக் கொடுமையாக விழுந்தது. அங்கே ஒருவர் கட்டிய சாரத்தில் இன்னொருவர் ஏறுகிறார், ஒருவர் தூக்கிய உத்திரத்தின் கீழ் இன்னொருவர் நிற்கிறார். சாரத்தின் முடிச்சு அவிழ்ந்து கொத்தனார் விழுந்தால், குற்றம் முடிச்சுப் போட்டவருடையது, முதலாளியுடையது அல்ல என்றாகிவிடும். முடிச்சுப் போட்டவரிடமோ கொடுக்க எதுவும் இராது.

இந்த நிலையை எதிர்த்து எழுந்த முதல் சட்டங்களில் ஒன்று நியூயார்க்கின் சாரச் சட்டம். 1885இல் இயற்றப்பட்ட அது, உயரத்தில் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பான சாரமும் ஏணியும் தரும் கடமையை வேலை கொடுப்பவர் மேல் வைத்தது. நகரங்களில் கட்டடங்கள் உயரத் தொடங்கிய காலம் அது.

ஆனாலும் வழக்கு, விசாரணை, வக்கீல் கட்டணம் என்ற பாதை மாறவில்லை. 1907–08இல் பிட்ஸ்பர்க் நகரை ஆராய்ந்த குழுவில் இருந்த வழக்கறிஞர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன், அலெகெனி மாவட்டத்தில் ஓராண்டில் வேலையில் இறந்த 526 பேரின் கதையைக் குடும்பம் குடும்பமாக விசாரித்துப் பதிந்தார். வேலை விபத்துகளும் சட்டமும் பற்றிய அவருடைய நூல் 1910இல் வெளிவந்தது. பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம், பலருக்கு ஏதுமில்லை என்பதை அது எண்களால் காட்டியது. விபத்துகளைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லிவந்த வழக்கத்தையும் அது உடைத்தது.

1911: இரண்டு நாள்கள்

ஜெர்மனி 1884இலேயே வேலை விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்திருந்தது. பிரிட்டன் 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் மேரிலாந்து 1902இல் ஒரு முயற்சி செய்தது, அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நியூயார்க் 1910இல் ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் கட்டாய இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. கட்டடம் கட்டுவதும் இடிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தன.

1911 மார்ச் 24 அன்று, ஐவ்ஸ் வழக்கில், நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. தவறு செய்யாத முதலாளியிடமிருந்து பணம் வாங்குவது அவர் சொத்தைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். மறுநாள், மார்ச் 25 அன்று, நியூயார்க் நகரில் பத்து மாடி வணிகக் கட்டடமொன்றின் மேல்தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கியும் சன்னல் வழியே குதித்தும் 146 பேர் இறந்தனர். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். உரிமையாளர்கள் அவ்வாண்டு டிசம்பரில் குற்றவாளிகள் அல்லர் என்று விடுவிக்கப்பட்டனர்.

ஒரு நாள் இடைவெளியில் வந்த தீர்ப்பும் தீயும் சேர்ந்து மக்கள் மனத்தை மாற்றின. நியூயார்க் தன் அரசமைப்பையே 1913இல் திருத்தி, புதிய இழப்பீட்டுச் சட்டத்துக்கு இடம் செய்தது. அதற்குள் விஸ்கான்சின் முந்திக்கொண்டது. அங்கே 1911 மே மாதம் கையெழுத்தான சட்டமே நீதிமன்றச் சோதனையைத் தாண்டி நிலைத்த முதல் விரிவான மாநிலச் சட்டம் எனக் கொள்ளப்படுகிறது.

விஸ்கான்சின் முறையில் முதலாளி சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேராதவர், மேலே சொன்ன பழைய தடைகளின் துணையை நீதிமன்றத்தில் இழப்பார். வாஷிங்டன் மாநிலம் அதே ஆண்டில் இன்னும் கடுமையான வழியை எடுத்தது: ஆபத்தான தொழில்களுக்குக் காப்பீடு கட்டாயம், அதுவும் மாநிலமே நடத்தும் நிதியில். கட்டாய இழப்பீட்டுக்கு 1917 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. நியூயார்க் சட்டத்தை ஒயிட் வழக்கிலும், வாஷிங்டன் சட்டத்தை மவுண்டன் டிம்பர் வழக்கிலும் அது ஏற்றது. பிந்தைய தீர்ப்பு ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் வந்தது. கடைசியாக 1948இல் மிசிசிப்பி சட்டம் இயற்றியபோது, அன்றிருந்த 48 மாநிலங்களிலும் தொழிலாளர் இழப்பீடு வந்துவிட்டது.

இந்தச் சட்டங்களின் உள்ளே ஒரு பேரம் இருக்கிறது. தொழிலாளி யார் குற்றம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவச் செலவும், பெரும்பாலும் கூலியில் மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்கும். பதிலுக்கு, தன் முதலாளி மேல் இழப்பீட்டு வழக்குப் போடும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கிறார். இன்றைய வணிகக் கட்டடக் காப்பீட்டின் மீதிச் சிக்கல்கள் பலவும் இந்தப் பேரத்திலிருந்தே கிளைத்தவை.

பிரீமியமும் துணை ஒப்பந்தமும்

சட்டம் வந்ததும், முதலாளி பணத்துக்கு என்ன செய்வார் என்ற கேள்வி எழுந்தது. பெரிய நிறுவனங்கள் சொந்தப் பணத்தை ஒதுக்கி வைக்க அனுமதி பெற்றன. மற்றவர்கள் தனியார் காப்பீட்டு நிறுவனத்திலோ மாநில நிதியிலோ பாலிசி எடுக்க வேண்டியதாயிற்று. ஒஹாயோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் இன்றும் தனியார் இந்தக் காப்பீட்டை விற்க முடியாது. நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்களில் அரசு நிதியும் தனியாரும் போட்டியாக நிற்கின்றன.

பிரீமியம், வேலையின் வகையையும் கொடுக்கும் கூலித் தொகையையும் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. கணக்கெழுதுபவருக்கு நூறு டாலர் கூலிக்குச் சில காசுகள் என்றால், கூரை வேலை செய்பவருக்கு அது பல மடங்கு. விபத்து அதிகம் நேர்ந்த நிறுவனத்துக்கு விகிதம் ஏறும், குறைந்த இடத்தில் இறங்கும். ஆபத்தின் விலை இப்படி வேலையின் விலைக்குள் வந்து, கடைசியில் கட்டடத்தின் விலையோடு சேர்ந்தது. சட்டம் இயற்றியவர்கள் விரும்பியதும் இதைத்தான்.

ஆனால் கட்டட வேலையில் ஒரு முதலாளி என்பது கிடையாது. உரிமையாளர் முதன்மை ஒப்பந்ததாரரிடம் தருகிறார், அவர் மின்வேலை, குழாய் வேலை, பூச்சு, கூரை என்று துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பிரிக்கிறார், அவர்களும் கீழே இன்னொருவருக்குக் கொடுப்பதுண்டு. அடியில் நிற்பவரிடம் காப்பீடு இல்லையென்றால், அவரிடம் வேலை செய்து விழுந்தவருக்கு யார் தருவது? பல மாநிலங்கள் இதற்குத் தெளிவான விடை சொன்னன: துணை ஒப்பந்ததாரரிடம் காப்பீடு இல்லையெனில் மேலே உள்ள ஒப்பந்ததாரரே சட்டப்படி முதலாளி. 1897ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்திலும் இந்தக் கருத்து உண்டு. அதே மரபில் வந்த இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவும், ஒப்பந்ததாரரின் ஆளுக்கு ஈடு தரும் பொறுப்பை முதன்மை முதலாளியிடம் வைத்தது.

இதன் விளைவு நடைமுறையில் உடனே தெரிந்தது. ஆண்டு முடிவில் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்ததாரரின் கணக்கைத் தணிக்கை செய்யும்போது, காப்பீட்டுச் சான்று இல்லாத துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பணத்தையும் அவர் கூலிக் கணக்கில் சேர்த்துப் பிரீமியம் கேட்கிறது. ஆகவே மேலே உள்ளவரே கீழே உள்ளவரிடம் சான்று கேட்கத் தொடங்கினார். அரசும் இன்னொரு கதவில் காவல் வைத்தது. நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் தொழிலாளர் காப்பீட்டுக்கு ஆதாரமோ விலக்குக்கு ஆதாரமோ காட்டாமல் கட்டட அனுமதி கிடைக்காது.

கட்டட உரிமையாளரும் பொதுப் பொறுப்பும்

முதலாளி மேல் வழக்குப் போட முடியாத தொழிலாளிக்கு, மற்றவர்கள் மேல் போடத் தடையில்லை. துணை ஒப்பந்ததாரரின் ஆள் விழுந்தால், அவர் தன் முதலாளியை விட்டுவிட்டுக் கட்டட உரிமையாளரையும் முதன்மை ஒப்பந்ததாரரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். இழப்பீட்டுச் சட்டம் ஒரு கதவை மூடியதால் வழக்குகள் பக்கத்துக் கதவுக்கு வந்தன.

நியூயார்க்கில் இது மிகக் கூர்மையாகத் தெரிகிறது. 1885இல் தொடங்கிய சாரச் சட்டம், தொழிலாளர் சட்டத்தின் 240ஆம் பிரிவாக இன்று நிற்கிறது. உயரத்திலிருந்து விழுந்தவருக்குத் தேவையான பாதுகாப்பு தரப்படவில்லை என்றால், உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். அடிபட்டவரின் கவனக்குறைவு தொகையைக் குறைக்காது. ஒரு குடும்பமோ இரு குடும்பமோ வாழும் வீட்டின் உரிமையாளர், வேலையைத் தாமே நடத்தாதவரை, இதிலிருந்து விலக்குப் பெற்றவர். கடை, அலுவலகம், விடுதி வைத்திருப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. இல்லினாய் 1907இல் இயற்றிய இதேபோன்ற சட்டத்தை 1995இல் நீக்கிவிட்டது. நியூயார்க் விடவில்லை.

இந்தப் பொறுப்பைத் தாங்க வந்ததே பொதுப் பொறுப்புக் காப்பீடு. அதற்கு முன் மின்தூக்கிக்கு ஒன்று, ஒப்பந்த வேலைக்கு ஒன்று, கட்டட வளாகத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பாலிசிகள் இருந்தன. 1940களின் தொடக்கத்தில் இவற்றை ஒரே தாளில் சேர்த்த பொதுப்படிவம் வந்தது. 1980களின் நடுவில் பிரீமியம் தாறுமாறாக ஏறி, சில தொழில்களுக்குப் பாலிசியே கிடைக்காத நெருக்கடி உண்டானது. 1986இல் படிவம் திருத்தப்பட்டு, வணிகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்ற பெயர் பெற்றது. வேலை நடக்கும்போது வரும் சேதத்தையும், முடிந்து ஒப்படைத்த பின் அந்த வேலையின் குறையால் வரும் சேதத்தையும் அது ஈடுகட்டுகிறது. மோசமாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவை மட்டும் பொதுவாகத் தராது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டைக் கட்டாயமாக்கியது சட்டம். பொதுப் பொறுப்புக் காப்பீட்டைப் பெரும்பாலும் கட்டாயமாக்கியது ஒப்பந்தம். ஒரு விபத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர் என்ற வழக்கமான அளவு, பல மாநிலங்களின் சட்டம் கேட்பதைவிட மிக அதிகம். அதோடு, ஒப்பந்ததாரரின் பாலிசியில் தம் பெயரையும் காப்புப் பெறுபவராகச் சேர்க்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்கிறார். வழக்கு வந்தால் தமக்கும் சேர்த்து ஒப்பந்ததாரரே ஈடு தர வேண்டும் என்ற வாசகமும் ஒப்பந்தத்தில் இடம்பெறுகிறது.

வலிமையுள்ளவர் தம் சொந்தத் தவறையும் எளியவர் தலையில் கட்ட இது வழிசெய்தது. ஆகவே மாநிலங்கள் மறுபடி தலையிட்டன. பிறர் தவறுக்கும் ஒப்பந்ததாரரே ஈடு தரும் வாசகங்களைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் கட்டுப்படுத்துகின்றன. டெக்சாஸ் இதற்காக 2011இல் இயற்றிய சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒப்பந்ததாரரின் சொந்த ஆளுக்கு நேரும் காயத்தை அது விலக்கிவிட்டது. அதனால் அந்தச் சுமை அங்கே இன்னும் கீழ்நோக்கியே போகிறது.

உரிமமும் பிணைப் பத்திரமும்

மூன்றாவது தாளின் வேர் மிகப் பழையது. 1791இல் மேரிலாந்து, புதிய தலைநகரான வாஷிங்டனைக் கட்ட ஆள் சேர்க்கும் பொருட்டு, கூலி வராத கைவினைஞருக்குக் கட்டடத்தின் மேலேயே உரிமை கொடுத்தது. தனியார் வணிகக் கட்டடங்களில் இந்த உரிமை இன்றும் கூலிக்குக் காவலாக நிற்கிறது. அரசுக் கட்டடத்தின் மேல் அப்படி உரிமை கோர முடியாது. அதற்கு மாற்றாக 1894இல் ஹேர்ட் சட்டமும் 1935இல் மில்லர் சட்டமும் ஒப்பந்ததாரரிடம் பிணைப் பத்திரம் கேட்டன. மாநிலங்களும் தம் பொதுப்பணிகளுக்கு அதே வடிவில் சட்டம் இயற்றின.

தனியார் வேலைக்கு மாநிலம் கேட்பது உரிமப் பத்திரம். வட கரோலினா 1925இலும் கலிஃபோர்னியா 1929இலும் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் தரும் அமைப்புகளை உருவாக்கின. பிணைப் பத்திரம் காப்பீடு அல்ல. பத்திரம் தந்த நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தரும், பின் அதை ஒப்பந்ததாரரிடமே வசூலிக்கும். ஒரு கட்டடத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் தொகை சிறியது. கலிஃபோர்னியாவில் 2023 முதல் அது 25,000 டாலர். வாஷிங்டன் மாநிலத்தில் 2024 ஜூலை முதல் பொது ஒப்பந்ததாரருக்கு 30,000, தனித்துறை ஒப்பந்ததாரருக்கு 15,000 டாலர்.

உரிமம் வழங்கும் இடத்திலேயே சில மாநிலங்கள் பொறுப்புக் காப்பீட்டையும் கேட்கின்றன. வணிக வேலை, குடியிருப்பு வேலை என்று ஒரேகான் மாநிலம் பிரித்துப் பார்க்கிறது. குடியிருப்புப் பொது ஒப்பந்ததாரர் 5 லட்சம் டாலர் காப்பீடு வைத்திருந்தால் போதும். வணிகப் பொது ஒப்பந்ததாரர்களில் இரண்டாம் நிலையினர் 10 லட்சம், முதல் நிலையினர் 20 லட்சம் டாலர் வைத்திருக்க வேண்டும். கூட்டம் புழங்கும் கட்டடத்தில் ஒரு பிழை பலரைத் தாக்கும் என்பதே இதன் நியாயம்.

இன்னும் அடைபடாத ஓட்டைகள்

1970இல் வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், மாநில இழப்பீட்டுச் சட்டங்களை ஆராய ஒரு தேசியக் குழுவையும் அமைத்தது. 1972இல் அது தந்த அறிக்கை 84 பரிந்துரைகளைச் செய்து, அவற்றில் 19 இன்றியமையாதவை என்றது. இழப்பீடு எல்லா முதலாளிக்கும் கட்டாயமாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. டெக்சாஸ் இன்றும் தனியார் முதலாளிக்கு அதை விருப்பமாகவே வைத்திருக்கிறது. அரசுக் கட்டட வேலை எடுப்பவருக்கு மட்டும் அங்கே அது கட்டாயம். ஃபுளோரிடாவில் மற்ற தொழில்களில் நான்கு ஆள் சேர்ந்தால்தான் காப்பீடு கட்டாயம். கட்டடத் தொழிலில் ஓர் ஆள் இருந்தாலே போதும், காப்பீடு இல்லாதவரின் வேலையை அதிகாரிகள் நிறுத்தலாம்.

மிகப் பெரிய ஓட்டை பெயரில் இருக்கிறது. தினமும் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்பவரைத் தனி ஒப்பந்ததாரர் என்று எழுதிவிட்டால் அவருக்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஒழுங்காகக் கட்டுபவரைவிட அப்படி எழுதுபவர் குறைந்த விலைக்கு வேலை எடுக்கிறார். நியூயார்க் 2010இல் இயற்றிய கட்டடத் தொழில் நேர்மைச் சட்டம், வேலை செய்பவர் ஊழியர்தான் என்று முதலில் கொண்டு, அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை வேலை கொடுப்பவரிடம் வைத்தது. கலிஃபோர்னியா 2023 முதல், ஆளே இல்லை என்று சொல்லும் கான்கிரீட், குளிர்சாதன, கல்நார் அகற்றும் ஒப்பந்ததாரர்களிடமும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கூரை வேலை செய்பவர்கள் அதற்கு முன்பே அந்த விதிக்குள் இருந்தனர்.

இன்னொரு ஓட்டை, கையில் வாங்கும் சான்று. காப்பீட்டுத் துறைக்குப் படிவங்கள் வகுக்கும் அக்கார்டு அமைப்பின் 25ஆம் எண் படிவம் நாடெங்கும் புழங்கும் ஒரு பக்கத் தாள். தகவலுக்காக மட்டுமே தரப்படுவது, உரிமை எதையும் அளிக்காது என்று அதன் தலையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. சான்று இருந்தும் பாலிசி காலாவதியாகி இருக்கலாம், அல்லது நடந்த வேலையே அதில் விலக்கப்பட்டிருக்கலாம். பாலிசியைப் படிக்காமல் தாளை மட்டும் கோப்பில் வைப்பவருக்கு விபத்து நாளில்தான் வேறுபாடு தெரியும்.

இன்றும் அமெரிக்கக் கட்டடத் தொழிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேர் வேலையில் இறக்கின்றனர். அவர்களில் வேறெந்தக் காரணத்தைவிடவும் அதிகமானோரைக் கொல்வது 1885ஆம் ஆண்டின் சட்டம் தடுக்க முயன்ற அதே ஆபத்துதான்: உயரத்திலிருந்து விழுதல். காப்பீடு அந்த விழுதலைத் தடுப்பதில்லை. விழுந்தவரின் குடும்பமும் சேர்ந்து விழாமல் தாங்குவதே அதன் வேலை. அந்த வேலையை அது செய்ய வேண்டுமானால், பாலிசியில் கணக்கிடப்பட்ட ஆட்களும் சாரத்தின் மேல் நிற்கும் ஆட்களும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக வந்த இந்தச் சட்டங்கள் அனைத்தும் கேட்பது இதைத்தான்.